பாடமாக்கப் பத்துப் பெருக்கல்தான்: பிள்ளைக்கு வாய்பாடு பழக்கும் முழுமையான வழிகாட்டி

தரம் 3, தரம் 4 படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் "இவனுக்கு இன்னும் வாய்பாடு பாடமில்லை" என்ற முறைப்பாடு எப்படியும் எழும். உடனே கடையில் வாய்பாட்டு மட்டை ஒன்றை வாங்கிச் சுவரில் ஒட்டுவோம். 10 வரைக்கும் 100 பெருக்கல். பிள்ளை அண்ணாந்து பார்க்கும். நூறையும் பாடமாக்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் அலுப்பு வராது?

கணக்கை நிதானமாகப் பாருங்கள். 3×8 தெரிந்தால் 8×3உம் தெரியும். இப்படிச் சோடி சேர்த்தால் 100 சுருங்கி 55 ஆகும். அதில் 1, 2, 5, 10 வருபவை பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடும். அவற்றை எடுத்தால் மிச்சம் 21. ஒன்பதாம் வாய்பாட்டுக்கு விரலிலேயே விடை இருக்கிறது. அதையும் எடுத்தால் 15. 3×3, 4×4, 6×6, 7×7, 8×8 என்ற ஐந்தும் ஓசையாலேயே காதில் தங்கிவிடும். மிச்சம் இவ்வளவுதான்:

3×4, 3×6, 3×7, 3×8, 4×6, 4×7, 4×8, 6×7, 6×8, 7×8.

பத்து. இவ்வளவு அழுகையும் அடியும் இந்தப் பத்துக்காகத்தான். பிள்ளை விடையைத் தானே கண்டுபிடிக்கும் வழி முதலில், பாடமாக்குவது அதற்குப் பிறகு என்ற ஒழுங்கில் போனால் இந்தப் பத்தும் ஒரு பள்ளித் தவணைக்குள் அடங்கக்கூடிய வேலை. ஒழுங்கு மாறினால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வரைக்கும் இழுபடும்.

தொடங்க முன் பார்க்க வேண்டியவை

8+7 எவ்வளவு என்று கேளுங்கள். பிள்ளை ஒன்றிலிருந்து தொடங்கி விரல்விட்டு எண்ணினால் பெருக்கலுக்கு இன்னும் நேரம் வரவில்லை. முதலில் 20க்கு உட்பட்ட கூட்டல் சரளமாகட்டும். 8இல் இரண்டைச் சேர்த்துப் பத்தாக்கி, மிச்ச ஐந்தையும் கூட்டுகிற பிள்ளை பெருக்கலுக்குத் தயார்.

அடுத்தது, 100 வரை சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். 79க்குப் பிறகும் 89க்குப் பிறகும் தடுமாறுகிற பிள்ளைகள் நிறைய. அந்தத் தடுமாற்றம் இருக்கும்போது 9×9 கேட்டால், விடை தெரிந்தாலும் வாயில் வராது. வீட்டில் பெருக்கல் தெரியவில்லை என்று பேச்சு விழும், பிழையோ எண்ணுவதில் இருக்கும்.

இரண்டு இரண்டாக, ஐந்து ஐந்தாக, பத்துப் பத்தாக எண்ண வருகிறதா என்பதையும் பாருங்கள். வந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 1: சமமான கூறு

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்தைக்கோ சுன்னாகம் சந்தைக்கோ பிள்ளையைக் கூட்டிப் போனால் பெருக்கல் தரையில் பரப்பிக் கிடக்கும். தேசிக்காய் ஐந்தைந்தாகக் கூறு போட்டிருப்பார்கள், பனங்கிழங்கு கட்டுக் கட்டாக இருக்கும். "ஒரு கூறிலை எத்தினை? மூண்டு கூறு வாங்கினா எத்தினை?" இந்த இரண்டு கேள்வி போதும். மேலதிக விளக்கம் ஒன்றும் வேண்டாம்.

வீட்டில் என்றால் புளியங்கொட்டை. காசு செலவில்லை, கையில் பிடிக்க நல்லது, தொலைந்தாலும் கவலையில்லை. மூன்று தட்டை வைத்து, ஒவ்வொன்றிலும் நாலு கொட்டை போடச் சொல்லுங்கள். பிள்ளை முதலில் 4+4+4 என்று கொப்பியில் எழுதட்டும், அதற்குக் கீழே 3×4 என்று எழுதட்டும். பெருக்கல் என்பது ஒரே அளவைத் திரும்பத் திரும்பக் கூட்டுகிற சுருக்கெழுத்து என்பது கையாலேயே விளங்கிவிடும்.

அப்புறம் ஒரு தட்டில் மட்டும் ஐந்து கொட்டையை வைத்துவிட்டு, "இப்ப மூண்டு தரம் நாலு எண்டு சொல்லலாமோ?" என்று கேளுங்கள். "ஏலாது, ஒண்டிலை கூட இருக்கு" என்று பிள்ளை சொன்னால் கருத்து பிடிபட்டுவிட்டது. பல பெற்றோர் இதைக் கேட்பதே இல்லை. சமமாக இருந்தால்தான் பெருக்கலாம் என்பது தெரியாத பிள்ளை, பின்னாளில் வசனக் கணக்கில் கண்ணில் பட்ட இரண்டு எண்ணையும் பெருக்கிவிடும்.

பூச்சியத்தையும் இங்கேயே முடித்துவிடுங்கள். ஐந்து வெறுந்தட்டை வைத்து "எல்லாமா எத்தினை கொட்டை?" என்று கேட்டால் பிள்ளை சிரிக்கும். 5×0=5 என்று எழுதும் பிழை அதோடு போய்விடும்.

3×4 என்பதை "மூன்று தடவை நாலு" என்று வாசிப்பதா, "மூன்றை நாலு தடவை" என்று வாசிப்பதா என்று வீட்டில் வாக்குவாதப்பட வேண்டாம். வகுப்பில் ஆசிரியர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். விடை மாறப் போவதில்லை. ஏன் மாறாது என்பது அடுத்த படியில் வரும்.

படி 2: நிரையும் நிரலும்

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். முழு வழிகாட்டியிலும் ஒன்றை மட்டும் செய்ய நேரமுண்டு என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

கடையில் முட்டை வைத்திருக்கும் குழி மட்டையைப் பார்த்திருப்பீர்கள். 30 குழி. ஒரு பக்கமாகப் பார்த்தால் ஐந்து நிரை (குறுக்கு வரிசை), நிரைக்கு ஆறு. மட்டையைக் கால்வாசி திருப்பினால் ஆறு நிரை, நிரைக்கு ஐந்து. ஒரு முட்டை கூடவுமில்லை, குறையவுமில்லை. 5×6உம் 6×5உம் ஒன்றுதான் என்று வாயால் எத்தனை தரம் சொன்னாலும் ஏறாதது, வெறும் மட்டையைப் பிள்ளையின் கையில் கொடுத்துத் திருப்பச் சொன்னால் ஏறிவிடும். நூறை 55 ஆக்கியதே இந்தத் திருப்பல்தான்.

கோண்டாவில், இணுவில், புன்னாலைக்கட்டுவன் பக்கம் செம்பாட்டு மண்ணில் தோட்டம் செய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது இன்னும் இலகு. வெங்காயம் நட்ட பாத்தியில் நீளத்துக்கு எத்தனை, அகலத்துக்கு எத்தனை என்று எண்ணினால் போதும், முழுப் பாத்தியையும் ஒவ்வொன்றாக எண்ணத் தேவையில்லை. தோட்டம் இல்லாவிட்டால் நிலத்து ரைல்ஸ் இருக்கிறது. கதிரையை நகர்த்திவிட்டு, சுண்ணக்கட்டியால் 4×7 செவ்வகம் ஒன்றைக் கோடிட்டுக் கொள்ளுங்கள். சதுரக் கொப்பித் தாளில் பென்சிலால் அடைத்தாலும் சரி.

அந்த 4×7 செவ்வகத்தின் நடுவே ஒரு பென்சிலை வையுங்கள். ஏழு நிரலில் (நெடு வரிசையில்) ஐந்து ஒரு பக்கம், இரண்டு மறுபக்கம். "இந்தப் பக்கம் நாலஞ்சு இருபது. அந்தப் பக்கம் நாலிரண்டு எட்டு. இருபதும் எட்டும்?" இருபத்தெட்டு. பெரிய பெருக்கலை உடைத்து இரண்டு சின்னப் பெருக்கலாக்கிக் கூட்டலாம் என்ற சங்கதி இதுதான். பின்னால் 23×14 செய்யும்போதும், அதற்குப் பிறகு அட்சரகணிதத்தில் அடைப்புக்குறி நீக்கும்போதும் இதே வேலைதான் நடக்கப்போகிறது. ஆகவே பென்சிலை வேறு இடத்திலும் வைத்துப் பார்க்க விடுங்கள். மூன்றும் நாலுமாகப் பிரித்தாலும் 12+16=28தான். எங்கே வெட்டினாலும் கூட்டுத்தொகை மாறாது என்று கண்டுபிடிக்கும்போது பிள்ளைகளுக்கு வருகிற சந்தோசத்தைக் குறுக்கே பேசிக் கெடுக்காதீர்கள்.

படி 3: இலகுவானவை முதலில்

ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 2, 10, 5 என்று தொடங்குங்கள்.

இரண்டு என்றால் இரட்டிப்பு. செருப்புச் சோடி, சைக்கிள் சில்லு, ஆட்டின் கொம்பு. பத்து, காசில் பிடிபடும். பத்து ரூபாய்க் குற்றிகளை அடுக்கி எண்ணட்டும். "பின்னால ஒரு பூச்சியம் போட்டாச் சரி" என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். தசம எண் படிக்கும் காலத்தில் 2.5×10 என்று வந்தால் அதே பிள்ளை 2.50 என்று எழுதிவிட்டு உங்களைப் பார்க்கும். ஏழு ஒன்றுகள் ஏழு பத்துகளாக மாறுகின்றன என்று இடப்பெறுமானத்தோடு சொல்லுங்கள்.

ஐந்துக்கு மணிக்கூடு. பெரிய முள் 7இல் நின்றால் 35 நிமிடம், 9இல் நின்றால் 45. நேரம் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு ஐந்தாம் வாய்பாடு ஏற்கெனவே தெரியும், அதுதான் வாய்பாடு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பத்தில் பாதி ஐந்து என்பதையும் காட்டுங்கள்: 8×10=80, அதில் பாதி 40, அதுதான் 8×5.

படி 4: இரட்டிப்பு

2 தெரிந்தால் 4 தெரியும், 4 தெரிந்தால் 8 தெரியும். 7இன் இரண்டு மடங்கு 14, அதன் இரட்டிப்பு 28, அதன் இரட்டிப்பு 56. இப்படி 4×7உம் 8×7உம் ஒரே மூச்சில் வந்துவிடும். 3க்கும் 6க்கும் இதே உறவு: 3×7=21, ஆகவே 6×7=42.

இரட்டிப்பதில் பிள்ளை சிக்குவது 16, 18, 28 போன்ற எண்களில். 28இன் இரட்டிப்பு என்றால் 20உம் 20உம் 40, 8உம் 8உம் 16, மொத்தம் 56 என்று உடைத்துச் செய்யப் பழக்குங்கள். சைக்கிளில் பள்ளிக்கூடம் ஏற்றிப் போகும் வழியில் வாயாலேயே கேட்கலாம், கொப்பி தேவையில்லை.

படி 5: ஒன்பதும் சதுரங்களும்

ஒன்பது என்பது பத்தில் ஒன்று குறைவு. 9×7 என்றால் பத்து ஏழில் ஒரு ஏழை எடு: 70−7=63. இதுதான் உண்மையான வழி. விரல் வழியும் உண்டு: பத்து விரலையும் முன்னால் விரித்து, 9×4க்கு இடப்பக்கமிருந்து நாலாவது விரலை மடக்கினால் இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஆறு. 36. விடையின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது வருகிறதா என்று சரிபார்க்கலாம்: 2+7, 3+6, 6+3. பிள்ளைக்கு இது மந்திரம் மாதிரி இருக்கும், இருக்கட்டும்.

சதுரங்களை ரைல்ஸில் வரைந்து காட்டினால் போதும். ஆறாறு முப்பத்தாறு, எண்ணெட்டு அறுபத்துநாலு என்று சொல்லிப் பார்த்தால் தெரியும், அவை தாமாக நிற்கும். நல்லூர்த் திருவிழா 25 நாள், ஐயைந்து. பக்கத்தில் ஒரு சின்ன அதிசயமும் இருக்கிறது: 7×7=49, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று தள்ளினால் 6×8=48, ஒன்று குறைவு. 6×6=36, 5×7=35. 4×4=16, 3×5=15. எப்போதும் ஒன்றுதான் குறையும். கொட்டையை அடுக்கி ஏன் என்று தேடச் சொல்லுங்கள். 7×7 சதுரத்தின் கடைசி நிரலை எடுத்து அடியில் ஒரு நிரையாகப் படுக்க வைத்தால், அகலம் ஆறுதான் என்பதால் ஒரு கொட்டை மிஞ்சி நிற்கும்.

படி 6: அந்தப் பத்து

இனித்தான் மிச்சம் இருப்பவை. ஒவ்வொன்றுக்கும் பிள்ளை தானே விடைக்குப் போக ஒரு பாதை வேண்டும். எந்தப் பாதை என்பது பிள்ளையைப் பொறுத்தது. எனக்குப் பிடித்தவை இவை.

3×4, எட்டும் நாலும் 12. 3×6, 9இன் இரட்டிப்பு, 18. 4×8, 16இன் இரட்டிப்பு, 32.

3×7, 4×7 இரண்டுக்கும் கலண்டர். மாதத்தின் முதல் நாள் ஞாயிறாக வருகிற ஒரு மாதத்தைத் தேடிப் பிடியுங்கள். சனிக்கிழமைகள் 7, 14, 21, 28 என்று இறங்கும். மூன்று கிழமை 21 நாள், நாலு கிழமை 28 நாள்.

3×8உம் 4×6உம் 24. நல்லூரில் தேர் 24ஆம் நாள், மறுநாள் தீர்த்தம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஞாபகக் கயிறு கிடைக்காது. 24 புளியங்கொட்டையைக் கொடுத்து எத்தனை விதமாகச் செவ்வகம் அடுக்கலாம் என்று பார்க்கச் சொல்லுங்கள். 1×24, 2×12, 3×8, 4×6 என்று நாலு விதம் வரும். அதே வேலையை 23இல் செய்யச் சொன்னால் ஒரே நீள வரிசைதான் வரும். அதற்குப் பெயர் முதன்மை எண் என்று இப்போதே சொல்ல வேண்டியதில்லை.

6×7, ஐந்து ஏழு 35, இன்னொரு ஏழு, 42. 6×8, 24இன் இரட்டிப்பு 48, அல்லது 49இல் ஒன்று குறைவு.

கடைசியாக 7×8. இதில் அக்காவின் மகள் நெடுநாள் 54இலேயே நின்றாள். பாய் விரித்துப் பக்கத்தில் இருத்திக் கேட்டேன்.

"ஏழெட்டு?"

"அம்பத்திநாலு, சித்தி."

"சரி. ஏழஞ்சு எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு."

"எட்டிலை அஞ்சு முடிஞ்சுது. இன்னும் எத்தினை ஏழு வேணும்?"

விரலைப் பார்த்தாள். "மூண்டு."

"மூண்டு ஏழு?"

"இருபத்தொண்டு." கொஞ்ச நேரம் சத்தமில்லை, உதடு மட்டும் அசைந்தது. "முப்பத்தஞ்சும் இருபதும் அம்பத்தஞ்சு... அம்பத்தாறு!"

"அப்ப அம்பத்திநாலு எங்கையிருந்து வந்தது?"

"அது ஆறொன்பது, சித்தி. மாறிப்போட்டுது."

பிழையான விடை வந்தால் நான் எப்போதும் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்பேன். பிள்ளைகள் சும்மா ஒரு எண்ணைச் சொல்வது குறைவு. பெரும்பாலும் அது பக்கத்துப் பெருக்கலின் விடையாக இருக்கும். அதன் சொந்த வீட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் இரண்டு பெருக்கலும் ஒன்றாகத் தெளியும். "பிழை, திருப்பிச் சொல்லு" என்றால் ஒன்றும் தெளியாது.

5, 6, 7, 8 என்று வரிசையாக எழுதினால் 56=7×8 என்ற சங்கதியும் உண்டு. இதைச் சொல்லிக்கொடுத்த அன்று பிள்ளை மறக்காது. ஆனால் பாதை தெரிந்த பிறகு சொல்லுங்கள்.

5க்கு மேற்பட்டவற்றுக்கு இரண்டு கை வித்தை ஒன்றும் இருக்கிறது. 7×8 என்றால் ஒரு கையில் ஐந்துக்கு மேல் இரண்டு விரலை நிமிர்த்து, மறு கையில் மூன்றை நிமிர்த்து. நிமிர்ந்தவை ஐந்து, ஆகவே 50. மடங்கியவை மூன்றும் இரண்டும், பெருக்கினால் 6. மொத்தம் 56. 6×7க்கு நிமிர்ந்தவை ஒன்றும் இரண்டும், 30. மடங்கியவை நாலும் மூன்றும், 12. மொத்தம் 42. பரீட்சையில் பதற்றத்தில் எல்லாம் மறந்து போகும் பிள்ளைக்கு இது ஒரு காப்பு. அதற்கு மேல் இதை நம்பியிருக்க வேண்டாம்.

படி 7: இப்போது பாடமாக்கலாம்

விடைக்குப் போகும் வழி தெரிந்தாயிற்று. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வழியால் போய்க்கொண்டிருந்தால் நீண்ட வகுத்தல் செய்யும்போது பிள்ளை களைத்துவிடும். ஆகவே பாடமாக வேண்டியதுதான். விளங்கினால் போதும், பாடமாக்கத் தேவையில்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை.

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் எண்சுவடியைப் பாட்டாகச் சொல்லித்தான் பழக்கினார்கள். முழு எண் மட்டுமல்ல, முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பின்னத்துக்கும் வாய்பாடு இருந்தது. அரைக்கால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று. அதைப் பார்த்தால் இன்றைய பிள்ளையின் சுமை சின்னதுதான். பாட்டு முறையில் ஒரு குறை உண்டு: 7×8 கேட்டால் பிள்ளை "ஏழொன்று ஏழு" என்று முதலிலிருந்து தொடங்கிக் கண்ணை மூடிக்கொண்டு ஓடிவர வேண்டும். இடையில் ஒரு தும்மல் வந்தால் திரும்பவும் தொடக்கம்.

அதனால் பாட்டை நிறுத்த வேண்டாம், ஓட்டத்தை மாற்றுங்கள். நடுவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பின்னாலிருந்து வரச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு வரி, பிள்ளை ஒரு வரி என்று மாறி மாறிச் சொல்லுங்கள். அம்மம்மா, அப்பப்பா வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள். அவர்களுக்கு வாய்பாடு இன்னும் பாடம், பொறுமையும் எங்களைவிடக் கூட.

அட்டை முறைதான் முக்கியமானது. பழைய கலண்டர் மட்டையை வெட்டி, ஒரு பக்கம் 6×7, மறுபக்கம் 42 என்று எழுதுங்கள். பத்து அட்டை. பிள்ளை தன் கையால் எழுதினால் இன்னும் நல்லது. முதல் நாள் மூன்று அட்டை மட்டும். கேட்டவுடன் வந்தால் வலப்பக்கம், யோசித்து வந்தால் நடுவில், வராவிட்டால் இடப்பக்கம் என்று மூன்று குவியல். இடப்பக்கக் குவியலை நாளைக்கும் கேளுங்கள், நடுவில் உள்ளதை ஒரு நாள் விட்டு, வலப்பக்கத்தை அடுத்த கிழமை. இடப்பக்கம் வெறுமையானால் புதிதாக இரண்டு அட்டையைச் சேர்க்கலாம். நன்றாகத் தெரிந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் புகழ்ந்துகொண்டிருப்பதில் பிள்ளைக்கும் சந்தோசம், எங்களுக்கும் சந்தோசம், முன்னேற்றம் மட்டும் இராது. மறக்கப் போகிற நேரத்தில் நினைவுபடுத்திக் கேட்பதுதான் பாடமாக்கும்.

வராத அட்டைக்கு விடையைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். "பாதை என்ன?" என்று கேளுங்கள்.

எவ்வளவு நேரம்? பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கை கால் கழுவி, விளக்கு வைத்துத் தேவாரம் சொல்லி முடித்த கையோடு என்றால் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் இருத்தி வைப்பதைவிட நாளுக்குப் பத்து நிமிடம் எவ்வளவோ மேல்.

மணிக்கூட்டை வைத்து "ஒரு நிமிசத்துக்குள்ள இருபது" என்று ஓடவிடுகிற பழக்கம் சில ரியூசன் வகுப்புகளில் இருக்கிறது. சில பிள்ளைகள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும், அவர்களுக்குப் பரவாயில்லை. கை வியர்த்துத் தெரிந்ததையும் மறக்கிற பிள்ளையை அதில் போடாதீர்கள். வேகம் தேவை என்றால் பிள்ளை தன் நேற்றைய நேரத்தோடு மட்டும் போட்டி போடட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயர் அந்தப் பத்து நிமிடத்தில் வரவே கூடாது.

படி 8: திருப்பிக் கேளுங்கள்

6×7=42 என்று பாடமான அன்றே "42ஐ ஆறு பேருக்குப் பிரிச்சா?" என்றும் கேளுங்கள். வகுத்தலை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தால் அதை வேறொரு பாடமாகப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். அட்டையில் 6, 7, 42 என்று மூன்று எண்ணையும் முக்கோணமாக எழுதி, ஒன்றை விரலால் மறைத்துக் கேட்கலாம். எதை மறைத்தாலும் சொல்ல வந்தால்தான் அந்தப் பெருக்கல் முடிந்தது என்று கணக்கு.

படி 9: கதை சொல்ல வையுங்கள்

"8×6க்கு ஒரு கதை சொல்லு." புலமைப்பரிசில் வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாகச் செய்ய வைப்பதைவிட இந்த ஒரு கேள்வியில் கூடக் காணலாம். "ஒரு பெட்டியிலை எட்டுப் பனங்காய்ப் பணியாரம், ஆறு பெட்டி" என்று வந்தால் சரி. "எட்டுப் பணியாரம் இருந்தது, ஆறு வாங்கினம்" என்று வந்தால் படி 1க்குத் திரும்புங்கள். திரும்புவதில் வெட்கமில்லை. வாய்பாடு தண்ணீர்பட்ட பாடாக இருந்தும் வசனக் கணக்கில் விழுகிற பிள்ளைகளுக்கு இல்லாமல் இருப்பது பெரும்பாலும் இந்தக் கதைதான்.

படி 10: இரண்டு இலக்கப் பெருக்கல்

படி 2இல் பென்சில் வைத்துப் பிரித்தது இங்கே கைகொடுக்கும். 14×6 என்றால் பத்து ஆறு 60, நாலாறு 24, மொத்தம் 84. இதை முதலில் மனதால் செய்யட்டும்.

23×14க்கு ஒரு செவ்வகத்தை வரைந்து, ஒரு பக்கத்தை 20, 3 என்றும் மற்றப் பக்கத்தை 10, 4 என்றும் பிரியுங்கள். நாலு பெட்டி வரும்: 200, 80, 30, 12. கூட்டினால் 322. அதற்குப் பிறகு வகுப்பில் செய்யும் நெட்டை முறையைப் பக்கத்தில் எழுதுங்கள். நாலால் பெருக்கிய வரி 92, அது 80உம் 12உம். பத்தால் பெருக்கிய வரி 230, அது 200உம் 30உம். இரண்டாவது வரியின் கடைசியில் ஏன் பூச்சியம் போடுகிறோம் என்பதற்கு இனி விளக்கம் தேவையில்லை, பெட்டியே சொல்லும்.

செய்ய முன் உத்தேச விடையையும் கேளுங்கள். 23ஐ 20 என்றும் 14ஐ 15 என்றும் வைத்தால் 300 அளவில் வர வேண்டும். 115 என்று வந்தால் பூச்சியத்தை விட்டுவிட்டது என்று பிள்ளைக்கே தெரியும். 92ஐயும் 23ஐயும் கூட்டினால் அந்த 115தான்.

காணிக் கணக்கும் நல்ல பயிற்சி. எங்கள் பக்கக் காணி அளவில் ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஓர் ஏக்கர். அப்பப்பாவின் காணி எத்தனை பரப்பு, அது எத்தனை பேர்ச் என்று பிள்ளையையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் பேசுகிற விசயத்தில் தன் கணக்கும் சேர்கிறது என்றால் பிள்ளைக்கு ஒரு கெத்து.

எதுவும் ஏறாவிட்டால்

எல்லாம் செய்தும் மாதக்கணக்காக ஒன்றும் நகரவில்லை என்றால் அடிப்பதாலோ இன்னொரு ரியூசனில் சேர்ப்பதாலோ நகரப் போவதில்லை. முதலில் கண்ணைச் சோதியுங்கள், கரும்பலகை தெரியாத பிள்ளை வீட்டில் சொல்லாமலே இருந்துவிடும். இரண்டு குவியலில் எது பெரிது என்று சொல்லவே கஷ்டப்படுகிறதா, நேற்றுத் தெரிந்த 2+3 இன்று தெரியாமல் போகிறதா என்று பார்த்து வகுப்பாசிரியரோடு பேசுங்கள். சில பிள்ளைகளுக்கு எண்ணோடு தனியான சிரமம் இருக்கும். அது சோம்பலும் இல்லை, மூளைக்குறைவும் இல்லை. தேவையானால் வைத்தியரிடமும் காட்டலாம்.

பன்னிரண்டு வரை கேட்டால்

12ஆம் வாய்பாடு வரைக்கும் பாடமாக்கச் சொல்கிற ஆசிரியர்களும் உண்டு. பயப்பட வேண்டாம். 11க்கு 9 வரை ஒரே இலக்கத்தை இரண்டு தரம் எழுதினால் சரி: 11×6=66. 12 என்பது பத்தும் இரண்டும்: 12×7 என்றால் 70+14=84. டசின் கணக்கில் கொப்பி, பென்சில் வாங்கும்போது கடையிலேயே கேட்டுப் பழக்கலாம். வழி தெரிந்தாலும் உடனே வராமல் நிற்பவை 11×11=121, 11×12=132, 12×12=144 மூன்றும்தான். மூன்று அட்டையில் எழுதி இடப்பக்கக் குவியலில் போட்டுவிடுங்கள்.